கண்டி போர் மயானமும் நம் ஆட்களும்

கண்டிக்கு வருகிறவர்கள் தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். போர் மயானத்துக்கும் ஒருமுறை போய்வாருங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த சுமார் 200 பேர் அங்கே கிடக்கிறார்கள், பாதிக்கு மேல் பிரிட்டிஷ்காரர்கள், அப்புறம் இலங்கையர், இந்தியர், கனேடியர். கிழக்காபிரிக்கர்களும் நிறையப் பேர். 1944இல் நேச நாடுகளின் தென்கிழக்காசியத் தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகம் பேராதனையில் இருந்தது. கிழக்காபிரிக்கப் படையினர் பர்மாவுக்குப் போகுமுன் இலங்கையில்தான் பயிற்சி எடுத்தார்கள்.

எனக்கு அங்கே பிடித்தது, அதிகாரி என்று ஒருவருக்கும் பெரிய கல்லறை இல்லாததுதான். பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் விதி அது: பதவி, இனம், மதம் எதையும் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மாதிரி. பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி. வயதும் இருக்கும், அதைப் படிக்கும்போதுதான் நெஞ்சு அடைக்கிறது, எல்லாம் கலியாண வயதுப் பிள்ளைகள். சிலவற்றின் அடியில் வீட்டார் எழுதித் தந்த ஒரு வரி.

சரி, நம் ஆட்கள்? 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலில் அடிபட்டு, தோட்டத்து லயத்தை (வரிசை வீட்டை) விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறிய மலையகக் குடும்பங்கள் எத்தனை! உள்நாட்டுப் போர் அவர்களை அங்கேயும் விடவில்லை. சீருடை போட்டவர், போடாதவர் என்று பிரிக்காமல், இறந்த அவர்களுடைய பெயரையும் வயதையும் ஊரையும் கல்லில் வெட்டி வைக்க வேண்டும், அதுவும் இந்த மலையகத்திலேயே. விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே தோட்டம் தோட்டமாகக் கேட்டு எழுதத் தொடங்கலாம்.