சார்ஜில் போட்டால் மட்டும் ஆடிய கர்சர்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தபோது, எட்டு ஆண்டுகளாக என்னிடம் உழைத்த மடிக்கணினிக்கும் ஓய்வு கொடுக்க வேண்டியதாயிற்று. கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளுக்கும் கிரானைட் பட்டறைகளுக்கும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்வது என் தொழில். பிறருடைய வரிக் கணக்கையும் வங்கிக் கணக்கையும் நாள்தோறும் திறக்கும் கருவியில் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று தெரிந்த பிறகும் அதையே ஓட்டிக்கொண்டிருக்க மனம் ஒப்பவில்லை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால், சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறைச் செயலி முதல்தான் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இடம் உண்டு. என்னுடையது ஏழாம் தலைமுறை. ஒரே ஒரு படி குறைவு.

புதியது வாங்கும் விலையில் பாதிக்கும் கீழே, நல்ல உலோகக் கூடு கொண்ட பழைய அலுவலக மடிக்கணினி கிடைக்கும் என்பதால் ஓசூருக்குப் பேருந்து ஏறினேன். பெங்களூரு நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழிக்கும் கருவிகள் மூட்டை மூட்டையாக நம் பக்கத்துக் கடைகளுக்கும் வந்து சேர்கின்றன. அங்கே ஏழாம் தலைமுறைக் கருவி ஒன்றை மூவாயிரம் ரூபாய் குறைத்துத் தருவதாகக் கடைக்காரர் ஆசை காட்டினார். விண்டோஸ் 11 பற்றிய கவலையே இல்லாதவர்கூட இந்த ஆசைக்கு இணங்கக் கூடாது என்பது என் கருத்து. மடிக்கணினிகளில் வரும் குறைந்த மின்செலவு ஐ5 செயலிகள் ஏழாம் தலைமுறைவரை இரண்டு கோர்களோடுதான், அதாவது இரண்டு கணிப்பு மையங்களோடுதான், இருந்தன. எட்டாம் தலைமுறையில், 2017-இல், அவை நான்காயின. பெயர்ப்பலகையில் இரண்டுமே ‘ஐ5’ என்றுதான் இருக்கும்.

கடையிலேயே செய்த சோதனைகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். முதலாவது பூட்டு. விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் நுழையும்போது மேற்பார்வையாளர் கடவுச்சொல் கேட்டால் அந்தக் கருவியைக் கீழே வைத்துவிட வேண்டும். அதைவிடச் சூழ்ச்சியான பூட்டு ஒன்று உண்டு: பழைய நிறுவனம் அந்தக் கருவியைத் தன் நிர்வாகப் பதிவிலிருந்து நீக்காமல் விட்டிருந்தால், விண்டோஸை முழுவதுமாக அழித்து மறுபடி நிறுவி இணையத்தோடு இணைத்த நொடியில், அந்த நிறுவனத்தின் மின்னஞ்சலில் நுழையுமாறு கேட்கும் திரை வந்து நிற்கும். இணையம் இல்லாமல் சோதித்தால் இது தெரியவே தெரியாது. ஆகவே கடையிலேயே என் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துத்தான் முதல் அமைப்பைச் செய்தேன். இரண்டாவது பேட்டரி. ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளையோடு ‘பேட்டரிரிப்போர்ட்’ என்று சேர்த்து இயக்கினால், பிறந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது நிரம்புவது எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் விண்டோஸே எழுதித் தருகிறது. எனக்குக் கிடைத்ததில் எழுபது விழுக்காடு மிச்சம் இருந்தது. திரை, விசைகள், ஒலிபெருக்கி ஆகியவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

நான் வாங்கிய கருவியில் எட்டு ஜிபி ரேம் ஒற்றைத் துண்டாக இருந்ததாலும் பக்கத்து இடம் காலியாக இருந்ததாலும், இன்னொரு எட்டு ஜிபி டிடிஆர்4 துண்டை அன்றே வாங்கிவிட்டேன். கடையில் இருந்தது 3200 வேகத் துண்டு. என் பலகை தாங்குவதோ 2400. வேகமான துண்டு மெதுவான பலகையில் அதன் வேகத்துக்கு இறங்கி ஓடும் என்பதால் இதில் தயங்க ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து, பயாஸில் உள் பேட்டரியை அணைத்து, அடிமூடியைக் கழற்றி, துண்டைச் சாய்வாகச் செருகி அழுத்தினேன். இரு பக்கக் கவ்விகளும் ‘டிக்’ என்று மூடின. பதினாறு ஜிபி காட்டியது. மூடியை மாட்டி, சார்ஜில் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

கர்சர் ஆடியது. விரலை வைத்தால் அரை அங்குலம் தள்ளிப் போய் நின்றது; சில நேரம் நான் தொடாமலேயே கிளிக் ஆனது; எக்செல் தாளில் ஒரு கலத்தைப் பிடித்தால் மூன்று கலங்கள் இழுபட்டன. வரித் தாக்கலுக்கான கடைசித் தேதி நெருங்கும் வேளையில் இது எப்படி இருந்திருக்கும் என்று கணக்கு எழுதுபவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ரேம் போட்ட பிறகு வந்த கோளாறு என்பதால் ரேம்மீதுதான் முதல் பழி விழுந்தது. புதிய துண்டைக் கழற்றி, பொன்னிறக் கால்களை மகளின் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். அதன்பின் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை இரவு முழுவதும் ஓடவிட்டேன். விடியும்போது பிழை பூஜ்யம். அடுத்த பழி டச்பேட்டை இயக்கும் டிரைவர் மென்பொருள்மீது. அதை நீக்கி, மறுபடி நிறுவி, பழைய பதிப்புக்குத் திரும்பி என்று ஒரு மாலைப் பொழுது போயிற்று. பிறகுதான் லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென்டிரைவ் ஒன்று மேசையில் கிடப்பது நினைவுக்கு வந்தது. அதிலிருந்து இயக்கியபோதும் அதே ஆட்டம். வேறு இயங்குதளத்திலும் வருகிற கோளாறு விண்டோஸ் டிரைவரின் கோளாறு அல்ல என்பது பத்தே நிமிடத்தில் தெரிந்திருக்க வேண்டியது. எனக்கு ஒரு மாலை ஆயிற்று.

மூன்றாவது சந்தேகம் பேட்டரி உப்பியிருக்கலாம் என்பது. இது வீண் சந்தேகம் அன்று. பல மடிக்கணினிகளில் டச்பேட்டுக்கு நேர் கீழேதான் பேட்டரி அறைகள் உள்ளன; வயதான லித்தியம் அறை உள்ளே வாயு சேர்ந்து உப்பும்போது டச்பேட்டைக் கீழிருந்து நெம்பும்; கிளிக் கடினமாகும், தானாகவும் விழும். அப்படி உப்பியதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, உடனே கழற்றி ஒதுக்க வேண்டும். மூடியைத் திறந்து ஓர் அளவுகோலைப் பேட்டரியின்மேல் கிடத்திப் பார்த்தேன். தட்டையாகத்தான் இருந்தது. விசிறியின் தகட்டிடுக்குகளில் மட்டும் தூசு கம்பளிபோல் படிந்திருந்தது. தூரிகையால் அதை எடுத்தேன். பொறுமை தீர்ந்துபோய், இணையத்தில் ஒரு டச்பேட்டுக்கு ஆயிரத்து நூறு ரூபாய் கட்டினேன்.

அது வந்து சேர்வதற்குள் இரண்டு சங்கதிகள் நடந்தன. வீட்டுப்பாடத்துக்காக மடிக்கணினியை எடுத்த மகள் அதன் விளிம்பைத் தொட்டுவிட்டு, “அப்பா, இதத் தொட்டா ஏதோ ஊறுற மாதிரி இருக்குப்பா” என்றாள். புறங்கையால் மெல்லத் தடவிப் பார்த்தேன். உலோகம் நுண்ணியதாக அதிர்வதுபோல் இருந்தது. சார்ஜரைப் பிடுங்கியதும் அந்த ஊறல் நின்றது. கர்சரின் ஆட்டமும் நின்றது. முதல் நாளிலிருந்தே, பேட்டரியில் ஓடும்போது கோளாறு வந்ததே இல்லை. கடையில் நான் சோதித்ததும் பேட்டரியில்தான். கண்ணெதிரே இருந்த துப்பை ரேமும் டிரைவரும் மறைத்துவிட்டன.

அப்படியென்றால் சார்ஜர்தானே? அங்கேயும் அவசரப்படாமல், அக்காள் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய அரசு விலையில்லா மடிக்கணினியைப் பீரோவிலிருந்து எடுத்தேன். அதன் ஹார்ட் டிஸ்க் முனகி முனகி முகப்புத்திரை வர ஐந்து நிமிடம் ஆனது. அதன் சொந்தச் சார்ஜரை அதே பிளக்கில் செருகினேன். பிளாஸ்டிக் கூடு என்பதால் ஊறல் இல்லை. ஆனால் கர்சர் ஆடியது. வேறு நிறுவனம், வேறு வயது, வேறு சார்ஜர், ஒரே நோய். மறுநாள் என் மடிக்கணினியையும் அதன் சார்ஜரையும் ஊருக்குள் இருக்கும் வாடிக்கையாளர் ஒருவரின் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ச் செருகியபோது கர்சர் கல்லில் செதுக்கியதுபோல் நின்றது. நோய் மடிக்கணினியில் இல்லை. வீட்டில்.

எங்கள் வீடு ஊரின் ஓரத்தில், பாறைச் சரிவில் நிற்கிறது. அரை அடிச் செம்மண்ணுக்குக் கீழே கடப்பாரை இறங்காது. எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்ததும் மடிக்கணினியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவிட்ச் போர்டில் மீட்டரை வைத்தார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 231 வோல்ட். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே, ஓரிரு வோல்ட் மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில், 64. பிறகு நூறு வாட் குண்டு பல்பு மாட்டிய டெஸ்ட் லாம்பை பேஸிலும் எர்த்திலும் தொட்டார். எர்த் நன்றாக இருந்தால் பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். இழைகூடச் சிவக்கவில்லை.

“எர்த் குழி எங்க சார் இருக்கு?”

முன்வாசலில், வண்டி நிறுத்தும் சிமென்ட் தளத்தின் ஓரத்தில் இருந்த சதுர மூடியைக் காட்டினேன்.

“இதுல தண்ணி ஊத்தி எத்தினி வருசம் ஆச்சு?”

வீடு கட்டி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்த மூடியை நான் திறந்ததே இல்லை.

உள்ளே குழாயின் தலையில் எர்த் கம்பியைப் பிடித்திருந்த கவ்வி, குழிக்குப் போட்ட உப்பாலேயே அரிக்கப்பட்டு, துருக் கட்டியாக இருந்தது. கம்பி பெயருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் கம்பியைச் சுரண்டி, புதுக் கவ்வி போட்டு முறுக்கியதும் மீட்டர் 17 வோல்ட்டுக்கு இறங்கியது. பல்பின் இழை மங்கலாகச் சிவந்தது. தொடர்பு கிடைத்துவிட்டது, ஆனால் அந்தத் தொடர்பு போய்ச் சேர்ந்த இடம் காய்ந்த ஜல்லியும் பாறையும்தான். ஈரக் களிமண் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். காய்ந்த கருங்கல் வாங்கிக்கொள்ளாது. இதனால்தான் கரியையும் உப்பையும் போட்டு, கோடையில் தண்ணீரும் ஊற்றச் சொல்கிறார்கள். கல்லுக்குப் பேர்போன எங்கள் மாவட்டத்தில் இதற்கு மற்ற இடங்களைவிடக் கூடுதல் கவனம் வேண்டும்.

மடிக்கணினிக்கும் குழிக்கும் என்ன உறவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காகச் சிறு மின்தேக்கிகள் வைக்கப்பட்டிருக்கும். அவற்றின் வழியே மிகச் சிறிதளவு மின்சாரம் எப்போதும் கசியும். மூன்று பின் பிளக்கின் பெரிய பின் அதை நிலத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். எர்த் இல்லையென்றால் அந்தக் கசிவு போக வழியின்றிக் கருவியின் உடம்பிலேயே நிற்கும். விரலில் ஊறியது அதுதான். உயிருக்கு ஆபத்தான அளவு அன்று. ஆனால் அதே எர்த்தை நம்பியிருக்கும் கிரைண்டரிலோ வாட்டர் ஹீட்டரிலோ உண்மையான கோளாறு வந்தால் நிலைமை வேறு. டச்பேட்டோ, விரல் நெருங்கும்போது ஏற்படும் மிக நுண்ணிய மின்தேக்கு மாற்றத்தை அளந்துதான் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. கருவியின் உடம்பே நொடிக்கு ஐம்பது முறை ஏறி இறங்கி, அதோடு சார்ஜரின் இரைச்சலும் சேர்ந்தால், எது விரல், எது இரைச்சல் என்று அதற்குப் பிரித்தறிய முடியாது. பேட்டரியில் ஓடும்போது சார்ஜரோடு உள்ள தொடர்பே அறுந்துவிடுவதால் கர்சர் அடங்குகிறது.

அண்ணன் முன்வாசல் குழியைக் கைவிட்டார். பின்பக்கம், துணி துவைக்கும் கல்லிலிருந்து தண்ணீர் ஓடி வாழையடியில் தேங்கும் இடத்தில் மட்டும் ஆளுயரத்துக்கு மேல் மண் இருந்தது. அங்கே குழி எடுத்து, துளையிட்ட ஜிஐ குழாயை இறக்கி, கரியும் உப்பும் அடுக்கி, ஏரி வண்டல் இரண்டு மூட்டை கொண்டுவந்து நிரப்பி, நான்கு குடம் தண்ணீர் ஊற்றினார். மூன்றாம் நாள் டெஸ்ட் லாம்ப் கண் கூசும்படி எரிந்தது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட். அதன் பிறகே, மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைப் பொருத்தினார். அதை முன்பே பொருத்தியிருந்தால் டெஸ்ட் லாம்பைத் தொட்டதுமே அது விழுந்திருக்கும். இந்தச் சோதனையை எலெக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும்; நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், அவ்வளவே.

கூலியும் பொருளும் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம் ஆனது. கர்சர் நின்றது. மேசைக் கணினியின் ஒலிபெருக்கியில் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரமும் அன்றே நின்றது. ஒலிபெருக்கியின் இயல்பே அதுதான் என்று நினைத்திருந்தேன்.

அக்காள் மகனின் மடிக்கணினி மேசைமேல் வந்துவிட்டதால், அதையும் சும்மா விடவில்லை. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, லினக்ஸ் மின்ட் நிறுவினேன். சுழலும் தட்டில் ஒவ்வொரு துணுக்குத் தகவலுக்கும் ஊசி நகர்ந்து தேடப் பத்து மில்லி நொடிக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டிக்கு அந்தத் தேடலே இல்லை. ஐந்து நிமிடம் எடுத்தது இப்போது அரை நிமிடத்துக்குள் எழுகிறது. ரேம் நான்கு ஜிபிதான், அதை நான் தொடவில்லை. மகள் அதில்தான் தட்டச்சுப் பழகுகிறாள்.

வாங்கிய டச்பேட் உறை பிரிக்காமல் இழுப்பறையில் கிடக்கிறது. திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது. இரண்டு மாதம் முன்பு தருமபுரி நண்பர் ஒருவர், அதே வகை மடிக்கணினி, அதே கர்சர் ஆட்டம், டச்பேட்டைத் தர முடியுமா என்று கேட்டார். சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துச் சொல்லும்படி கேட்டேன். மாலையில் அழைத்தவர் டச்பேட்டைப் பற்றிப் பேசவில்லை. அந்த எலெக்ட்ரீஷியன் தருமபுரிவரை வருவாரா என்றுதான் கேட்டார்.