காக்காயையும் எழுதுங்க

வடுவூர் ஏரியில இன்னிக்குக் காலையில ஊசிவால் வாத்துக் கூட்டம் குபுக்குனு எழும்புச்சு. எண்ணிக்கிட்டிருந்த பசங்க அப்படியே நிறுத்திட்டாங்க.

பதறாதீங்க, உட்காரட்டும்.

முதல்ல பத்தை ஒவ்வொண்ணா எண்ணுங்க. அந்தப் பத்து அடைக்கிற இடத்தைக் கண்ணுல பிடிச்சுக்கிட்டு, அதே அளவா கூட்டம் முழுக்க நகருங்க. நடுவுல நெரிசல், ஓரத்துல கலைசல். நடுவுல பிடிச்ச அளவையே ஓரத்துக்கும் போட்டா கணக்கு ஊதிடும்.

நத்தைக்குத்தி நாரையில வேற சிக்கல். அலகு இடுக்குல வெளிச்சம் தெரிஞ்சாத்தான் நத்தைக்குத்தின்னு நினைக்கிறாங்க. இளம் பறவைக்கு அந்த இடைவெளியே இருக்காது.

பார்த்த பறவைகளைப் பதியுற ஈபேர்ட் (eBird) இணையதளத்துல பதியும்போது காக்கா, மைனாவை விட்டுட்டா அது முழுப் பட்டியல் இல்ல. ஒரு பறவை இந்த வருஷம் வரலைன்னு சொல்லவே முழுப் பட்டியல் வேணும்.

எண்ணிக்கைக்குப் பதிலா, பறவை இருந்துச்சுன்னு மட்டும் காட்ட எக்ஸ் (X) போடலாம்தான். தோராயமா ஒரு எண் போட்டா இன்னும் நல்லது.