ஏஇடி பெட்டியைத் திறக்க டாக்டராக இருக்க வேண்டாம்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் ஏஇடி பெட்டிகளை, அதாவது இதயத்துக்கு மின்சார ஷாக் கொடுக்கும் கருவிகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது, “நாம கை வச்சு ஏதாவது ஆயிட்டா?” என்று கேட்டார் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. நியாயமான பயம்தான். ஆனால் விழுந்து கிடப்பவர் தட்டிக் கூப்பிட்டும் அசையவில்லை, ஒழுங்கான மூச்சும் இல்லை என்றால் அவர் இதயம் நின்றுவிட்டதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் கெடுக்க நம்மால் என்ன இருக்கிறது?

சினிமாவில் திரையில் கோடு நேராக ஓடும், கரண்ட் வைத்ததும் ஆள் எழுந்துவிடுவார். நிஜத்தில் நேர்கோட்டுக்கு ஷாக் கொடுப்பதே இல்லை. இதயம் தறிகெட்டு நடுங்கிக்கொண்டிருந்தால்தான், அந்த நடுக்கத்தை ஒரு நொடி அடக்கி, இதயம் தன் துடிப்பைத் தானே பிடித்துக்கொள்ள வழிவிடத்தான் ஷாக். தேவையா இல்லையா என்று முடிவெடுப்பது கருவிதான், தேவையில்லை என்றால் நீங்கள் பட்டனை அமுக்கினாலும் கொடுக்காது.

2021 ஜூன் 12, கோபன்ஹேகனில் பின்லாந்துக்கு எதிரான யூரோ காற்பந்து ஆட்டத்தில் டென்மார்க் வீரர் எரிக்சன் மைதானத்திலேயே சரிந்தாரே, அவரை மீட்டது சிபிஆரும் (நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) ஒரே ஒரு ஷாக்கும். மூன்று வருடம் கழித்து அடுத்த யூரோ போட்டியில் கோலும் அடித்தார். அங்கே டாக்டர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள், நம் புளோக்குக்குக் கீழே நாம்தான் இருப்போம். ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்பார்கள். அதனால் ஆம்புலன்ஸ் எண் 995-ஐக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பியுங்கள், இன்னொருவர் ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்து வரட்டும். நெஞ்சின் நடுவில், 5 சென்டிமீட்டராவது இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. நம்மாட்கள் முகத்தில் தண்ணீர் தெளிப்பதிலும் உட்கார வைப்பதிலுமே நேரத்தைக் கரைப்பார்கள். கரையில் போட்ட மீன் மாதிரி வாய் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து “மூச்சு இருக்கு” என்று நின்றுவிடவும் கூடாது, அது மூச்சில்லை.

கருவியை ஆன் செய்தால் அதுவே பேசும். ஒட்ட வேண்டிய இரண்டு பேடிலும் படம் இருக்கும்: ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாவில். வெறும் தோலில்தான் ஒட்ட வேண்டும், வியர்வையைத் துடைத்துவிட்டு.

பெண் என்றால் இங்கேதான் எல்லோரும் தயங்கி நிற்கிறார்கள். பொது இடத்தில் விழும் பெண்களுக்கு சிபிஆர் கிடைப்பது ஆண்களைவிடக் குறைவு என்று ஆய்வுகளே சொல்கின்றன. ரவிக்கையை வெட்டத்தான் வேண்டும், பல பெட்டிகளில் கத்தரிக்கோலும் இருக்கும். தாலிச் செயினைக் கழற்றிக்கொண்டிருக்க வேண்டாம், பேடில் படாமல் ஒதுக்கினால் போதும். கூச்சமாக இருந்தால் சுற்றி நிற்பவர்களைத் துப்பட்டாவை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

யாரும் தொடவில்லை என்று பார்த்துவிட்டு ஷாக். அப்புறம் சும்மா உட்காராமல் உடனே மறுபடியும் அழுத்த வேண்டும், 2 நிமிடத்துக்கு ஒருமுறை கருவியே நிறுத்தச் சொல்லிப் பரிசோதிக்கும். ஆள் கண் விழித்தாலும் ஆம்புலன்ஸ் வரும்வரை பேடைப் பிய்க்காதீர்கள், இதயம் மறுபடியும் நின்றுவிடலாம்.