மேல்வீட்டு நாற்காலி

இரவு 11.15. மேல்வீட்டில் நாற்காலியைத் தரதரவென்று இழுக்கிறார்கள். கீழே நான் கண்ணை மூடி, 'எல்லா உயிர்களும் இன்பமாய் இருக்கட்டும்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். 'மேல்வீட்டுக்காரர் நீங்கலாக' என்று மனசு தானாகவே ஒட்டுப்போட்டுக்கொள்கிறது.

மெத்தா, அதாவது எல்லா உயிர்களிடமும் அன்பு வளர்க்கும் பௌத்த தியானம், பழக ஆரம்பித்து எட்டு மாதம். மெத்தா, கருணை, முதிதை (பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வது), உபேக்கை (சமநிலை) என்ற நான்கு மனநிலைகளில் முதலாவது. அதையே இன்னும் தாண்டவில்லை. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் என்ற பௌத்த பிக்கு எழுதிய விசுத்திமக்கம் என்ற தியான நூலில் இதற்கொரு வரிசை உண்டு. முதலில் தனக்கு, அப்புறம் மதிப்புக்குரிய ஒருவருக்கு, பிறகு உயிர் நண்பருக்கு, அதன்பின் வேண்டியவரும் வேண்டாதவரும் அல்லாத ஒருவருக்கு. பகையாளி கடைசியில்தான். எடுத்த எடுப்பிலேயே அவரை நினைத்தால் கோபம்தான் வரும் என்கிறார். நான் குறுக்கு வழியில் போனேன். வந்தது.

கோபம் தணியாவிட்டால் என்ன செய்வது என்றும் மனிதர் அடுக்கிக்கொண்டே போகிறார். அதில் ஒன்று: அந்த ஆளைப் பிரித்துப் பார். அவருடைய எதன் மேல் உனக்குக் கோபம்? தலைமயிர் மேலா? நகத்தின் மேலா? பல்லின் மேலா? இப்படியே சிறுநீர் வரைக்கும் கேட்கிறார். மேல்வீட்டுக்காரருக்கு முன்வழுக்கை. முதல் கேள்வியிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் கோபத்தை விட்ட இடத்தில் பிடிக்க முடியவில்லை. இதற்குப் பெயர் மெத்தாவா என்றால், தெரியவில்லை.

எதற்கும் மசியாத மனசுக்குக் கடைசி வைத்தியம், கொடுக்கல் வாங்கல். உன்னுடையதை அவருக்குக் கொடு. அவர் தருவதை நீ வாங்கிக்கொள். நாற்காலிக் காலில் மாட்டும் ரப்பர் புஷ் நான்கு வாங்கிக்கொண்டு படியேறினேன். (சுயநலம்தான், மறுக்கவில்லை.)

"கீழே கேக்குதா சார்?" மனுஷன் முகம் சுருங்கிவிட்டது. "நாலு வருஷமா இழுக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

நான்கு வருடம். எத்தனை தடவை லிஃப்டில் சேர்ந்து வந்திருப்போம்! ஒருமுறைகூட நான் வாய் திறந்ததில்லை.

அவர் நாற்காலியைக் கவிழ்த்துப் பிடிக்க, நான் தரையில் உட்கார்ந்து மாட்டினேன். மூன்று ஏறின. நான்காவது கால் நசுங்கியிருந்தது; எவ்வளவு அழுத்தியும் ஏறவில்லை. மீந்த புஷ்ஷை என்னிடமே நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் 11.15க்கு அந்த ஒரு கால் மட்டும் கீச்சிடுகிறது.