பாங்காக்கில் ஒரு நாகர்கோவில் ஸ்டார்

டிசம்பர் 1, 2024, ஞாயிறு

பெட்டிக்கடியில் மடித்துக் கிடந்த காகித ஸ்டாரை இன்று வெளியே எடுத்தேன். போன முறை ஊருக்குப் போனபோது அம்மா துணிகளுக்கு நடுவில் செருகிவிட்டது. சிவப்பு, ஏழு முனை, ஒரு முனை மட்டும் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது. நாகர்கோவிலில் இந்நேரம் தெருவுக்குத் தெரு தொங்க ஆரம்பித்திருக்கும்.

மாட்டலாம் என்று பார்த்தால் பல்பு சிக்கல். ஸ்டாரோடு வந்தது நம்ம ஊர் பின் ஹோல்டர். இங்கே விற்பதெல்லாம் திருகு பல்பு. மார்க்கெட் ஓரத்து எலக்ட்ரிக் கடைத் தாத்தாவிடம் கொண்டுபோனேன். புதைபொருள் கிடைத்தது மாதிரி அந்த ஹோல்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் வயரை வெட்டித் திருகு ஹோல்டர் போட்டுக் கொடுத்தார். 60 பாட். பழைய ஹோல்டரை அவரே வைத்துக்கொண்டார்.

காலையில் ருவாம்ருடி சாலை ஹோலி ரிடீமர் ஆலயத்தில் பூசை. 1954இல் கட்டியது. கூரையெல்லாம் அப்படியே பௌத்தக் கோயில் மாதிரி இருக்கும். வந்த புதிதில் அதைத் தாண்டிப் போய்விட்டு, கோயிலைக் காணோம் என்று வழி கேட்டவன் நான். இன்று திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, முதல் மெழுகுவத்தி ஏற்றினார்கள். திரும்பி வரும்போது சென்ட்ரல் வேர்ல்டு மால் வாசலில் பெரிய மரமும் விளக்குமாய் ஜேஜே என்று இருந்தது. எல்லோரும் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அழகுதான். ஆனால் குடில் இல்லை, குழந்தை இல்லை. பிறந்தநாள் வீட்டில் பிறந்தநாள்காரரைக் காணவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

முந்திரிக்கொத்து செய்வது என்று ஒரு வீராப்பு. முந்திரி என்றால் முந்திரிப்பருப்பு என்று நினைக்காதீர்கள்; எங்கள் பக்கம் முந்திரி என்றால் திராட்சை. மூன்று மூன்று உருண்டையாக ஒட்டிப் பொரித்தால் திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும், அதனால் அந்தப் பெயர்.

பாசிப்பயறு எந்தக் கடையிலும் கிடைத்தது. வறுத்து மிக்ஸியில் திரித்தேன். வெல்லத்துக்கு இந்தியக் கடைகள் இருக்கும் பாஹுரட் வரை போகச் சோம்பல். மார்க்கெட்டில் பெட்சபுரி பக்கத்துப் பனைவெல்லம் கிடைத்தது. அங்கேயும் நம்ம பனைமரமேதான். வாயில் போட்டால் கருப்பட்டியின் தம்பி மாதிரி, நிறமும் கொஞ்சம் வெளுப்பு, காரமும் குறைவு. பாகு சரியாக வந்தது. தேங்காய், எள், ஏலக்காய் எல்லாம் போட்டு உருட்டியாயிற்று.

மேல்மாவில்தான் மண்ணைக் கவ்வினேன். பச்சரிசி மாவில் மஞ்சள் போட்டுக் கரைத்து, உருண்டையை முக்கிப் பொரிக்க வேண்டும். எண்ணெயில் போட்டதும் மேல்மாவு ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுத்துக்கொண்டு, நாலு கொத்தும் ஒரே கட்டியாக ஒட்டி உப்பிவிட்டது. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன்.

"பச்சரிசி மாவுதானா மக்களே?"

பாக்கெட்டைக் கொண்டுபோய்க் கீழ்வீட்டு அம்மாளிடம் காட்டினேன். சிரித்தார். மூன்று தலை யானைப் படம் போட்ட பாக்கெட்டில் பச்சை எழுத்து என்றால் ஒட்டரிசி மாவு, சிவப்பு எழுத்து என்றால் சாதா அரிசி மாவு. இது தாய்லாந்தில் பள்ளிப்பிள்ளைக்குக்கூடத் தெரியுமாம். சிவப்பு வாங்கி வந்து மறுபடி பொரித்தேன். 27 கொத்து தேறியது.

டிசம்பர் 10, செவ்வாய்

அரசியலமைப்பு தினம், லீவு. போன வாரம் 5ஆம் தேதியும் லீவு, தந்தையர் தினம். 31ஆம் தேதி லீவு, ஜனவரி 1 லீவு. இத்தனைக்கும் நடுவில் டிசம்பர் 25 மட்டும் வேலை நாள். பௌத்த நாட்டில் இதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அன்று ஆபீஸில் எல்லோரும் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பதைப் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கும்.

சாயங்காலம் வாட்ச்மேன் அண்ணன் பால்கனியைக் காட்டி, "அது உங்கள் வீடா? தா ரேக்காரரா நீங்கள்?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வடகிழக்கில் சகோன் நகோன் மாகாணத்தில் தா ரே என்று ஓர் ஊராம், அங்கே கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு நட்சத்திரம் கட்டுவார்களாம். இவர் பௌத்தர், ஆனால் சின்ன வயதில் வருஷா வருஷம் சைக்கிளில் வேடிக்கை பார்க்கப் போவாராம். வீட்டுக்கு வீடு ஸ்டாரா, தாய்லாந்திலா?

டிசம்பர் 12, வியாழன்

பக்கத்து சீட்டு அக்கா சகோன் நகோன்காரர். இங்கே அக்காவையும் அண்ணனையும் 'பீ' என்று கூப்பிட வேண்டும். அதுதான் மரியாதை. முதல் மாதம் எனக்கு வாயே வரவில்லை. அம்மாவிடம் சொன்னபோது போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

அவரிடம் தா ரே தெரியுமா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சட்டைக் காலருக்குள் விரலை விட்டு ஒரு மெல்லிய சங்கிலியை இழுத்தார். நுனியில் சிலுவை. இரண்டு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்! அவரும் ஒவ்வொரு 25ஆம் தேதியும் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு கணக்குப் பார்த்தவர்தான். "நீயும் சொல்லவில்லையே" என்றார். இந்த நாட்டில் கத்தோலிக்கர் ஒரு சதவீதம்கூடக் கிடையாது, அதனால் யாரும் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. இந்த வருஷம் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போகிறாராம், என்னையும் வரச் சொன்னார். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 20, வெள்ளி

ஆபீஸில் சீட்டுக் குலுக்கிப் பரிசு மாற்றிக்கொண்டோம். 500 பாட்டுக்குக் குறையாமல் வாங்க வேண்டும் என்று விதி. எனக்குக் கிடைத்தது சாண்ட்விச் டோஸ்டர். போன வருஷமும் அதேதான்.

டிசம்பர் 25, புதன்

தா ரே. இதைக் காலை ஏழு மணிக்குப் போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். வெளியே நல்ல குளிர்.

திங்கள் இரவு மோ சிட் நிலையத்தில் பஸ் ஏறி, நேற்றுக் காலை சகோன் நகோன். அங்கிருந்து 20 கிலோமீட்டர் போல. ஊர் நோங் ஹான் என்ற பெரிய ஏரிக்கரையில் இருக்கிறது. தெருவுக்குள் வண்டி திரும்பியதும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். வாசலில் ஸ்டார், மாடியில் ஸ்டார், வாழைமரத்துக்கு மேலே கம்பு நட்டு ஸ்டார். மூங்கில் பிளாச்சைக் கட்டி, கலர்த்தாள் ஒட்டி வீட்டிலேயே செய்தவை. நம்ம ஊரில் இப்போது யார் மூங்கிலில் செய்கிறார்கள்? என் தாத்தா செய்வார்.

பீயின் அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். முன்னோர்கள் வியட்நாம்காரர்கள். 1884இல் சகோன் நகோன் நகரத்தில் இருந்த கத்தோலிக்கர்கள் மூங்கில் தெப்பம் கட்டி, துணியைப் பாயாக விரித்து ஏரியைக் கடந்து இந்தக் கரைக்கு வந்து குடியேறினார்களாம். ஏதோ போன வாரம் நடந்தது மாதிரி சொன்னார். கோயிலும் கப்பல் மாதிரிதான் கட்டியிருக்கிறார்கள்.

முந்திரிக்கொத்து டப்பாவை நீட்டினேன். ஒன்றை எடுத்து முகர்ந்து, கடித்து, "துவா கியாவ்" என்றார். பாசிப்பயறு. அப்புறம் மேலே உள்ள மாவை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இதை ஏன் ஒட்டரிசி மாவில் செய்யவில்லை?" என்று கேட்டார். பீ விழுந்து விழுந்து சிரித்தார்.

கோயில் வளாகத்தில் ஸ்டார் வண்டிகள் நிறுத்தியிருந்தார்கள். டிரக் முழுக்க விளக்கு, நடுவில் ஆளுயரத்துக்கும் மேலே நட்சத்திரம், அதன் கீழே மரியாளும் சூசையப்பருமாக வேஷம் போட்ட பிள்ளைகள். குழந்தை இயேசு ஒரு நிஜக் குழந்தை, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் பாதிக்கு மேல் பௌத்தர்கள்தான் என்றார் பீ.

இரவுப் பூசை தாய்லாந்து மொழியில். சாமியாரை இங்கே 'கூன் போ' என்கிறார்கள், அப்பா என்று அர்த்தம். எங்களுக்கு இடம் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். பாட்டு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மணி அடித்ததும் எல்லோரும் எழுந்தார்கள், அது 'உன்னதங்களிலே' கீதம் என்று தெரிந்தது. முணுமுணுப்பாகத் தமிழில் பாடினேன். பக்கத்துப் பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் போர்வையின் ஒரு முனையை என் மடியில் போட்டார்.

டிசம்பர் 31, செவ்வாய்

இன்னும் சில மணி நேரத்தில் பௌத்த ஆண்டு 2568. ஜனவரி முதல் தேதி இங்கே புத்தாண்டானது 1941இல்தான். ஏப்ரலில் நம்ம சித்திரையோடு தாய்லாந்துப் புத்தாண்டான சோங்க்ரானும் உண்டு. கீழ்வீட்டு அம்மாளுக்குச் சீனப் புத்தாண்டும் சேர்த்து மூன்று. இரவு அவர் தெருக்கோடி கோயிலுக்கு வருஷக் கடைசி ஓதலுக்குக் கூப்பிட்டார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். தலைக்கு மேலே வலை மாதிரி வெள்ளை நூல் கட்டியிருந்தார்கள், அதிலிருந்து தொங்கும் நூலை எடுத்து ஆளாளுக்குத் தலையில் சுற்றிக்கொள்ள வேண்டும். புத்தம் சரணம் மட்டும் பிடிபட்டது. கால் மரத்துப்போனது. ஊரில் இந்நேரம் அம்மாவும் வருஷக் கடைசிப் பூசையில் உட்கார்ந்திருப்பாள், அவளுக்கும் கால் மரத்திருக்கும்.

ஜனவரி 5, 2025, ஞாயிறு

மூன்று ராஜாக்கள் திருநாள். வழக்கப்படி ஸ்டாரைக் கழற்ற ஸ்டூல் போட்டு ஏறினேன். கீழேயிருந்து வாட்ச்மேன் அண்ணன் கையை ஆட்டினார்.

"ஏன் எடுக்கிறீர்கள்? 29ஆம் தேதி சீனப் புத்தாண்டு வருகிறதே. சிவப்புதானே, இருக்கட்டும்."

யோசித்தேன். நசுங்கிய முனையை மட்டும் நீவிவிட்டு இறங்கிவிட்டேன்.