தூக்க மாத்திரையை நிறுத்தப் பட்ட பாடு

தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு கிளினிக்கில் சோல்பிடெம் எழுதித் தந்த டாக்டர், "போட்டுப் படுங்கம்மா, தூங்கிடுவீங்க" என்றதோடு சரி. அது சில வாரங்களுக்கு மட்டும் போடும் மாத்திரை, பழகிவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் தூக்கம் முன்னைவிட மோசமாகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மெடிக்கலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சீட்டு பழசுக்கா, தர முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான். இது ஷெட்யூல் எச்1 மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. யாருக்கு, எவ்வளவு, எந்த டாக்டர் எழுதியது என்று தனிப் பதிவேட்டில் குறித்து 3 வருடம் வைத்திருக்க வேண்டும். கிளினிக்கோ பூட்டியிருந்தது. அன்று இரவு துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒவ்வொன்றின் சத்தமும் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

அப்புறம் அரசு மருத்துவமனை. மனநல டாக்டர் பொறுமையாகக் கேட்டார். மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கலாம், கூடவே சிபிடி-ஐ வேண்டும் என்றார்; தூக்கமின்மைக்குப் பேச்சாலும் பழக்கத்தை மாற்றியும் தரும் சிகிச்சை அது. அதற்கு சைக்காலஜிஸ்ட்டைப் பார்க்க வேண்டும். மதியம் வரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, "மேடம் இன்னைக்கு வரமாட்டாங்க" என்றார் கவுன்ட்டர்காரர். அடுத்த முறை, ஓ.பி. சீட்டில் டாக்டர் எழுதியது போதாது, தனிச்சீட்டு வேண்டும் என்று திருப்பி அனுப்பினார். நீங்கள் போவதானால், சைக்காலஜிஸ்ட் எந்தக் கிழமை வருவார், எந்தச் சீட்டு வேண்டும் என்று முதல் நாளே நர்ஸிடம் கேட்டுவிடுங்கள்.

ஒருவழியாக சைக்காலஜிஸ்ட்டைப் பார்த்தேன். சிகிச்சையில் முதலில் தூக்க நோட்டு, அதாவது எப்போது படுத்தேன், எவ்வளவு தூங்கினேன் என்று எழுதுவது. 9 மணி நேரம் படுத்திருந்து ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறேன் என்று அதில் தெரிந்தது. அதனால் படுக்கும் நேரத்தையும் அவ்வளவாகக் குறைத்தார்கள்: இனி இரவு 12 மணிக்குப் படுத்து 5.30க்கு எழ வேண்டும், பகல் தூக்கம் கூடாது. "தூக்கம் வராதவளையே முழிச்சிருக்கச் சொல்றாங்களா?" என்று மாமியார் சண்டைக்கே போய்விட்டார். முதல் வாரங்கள் உண்மையிலேயே கொடுமை. பகலில் கண் சொக்கும், வண்டி ஓட்டாதீர்கள். வலிப்போ இருமுனைக் கோளாறோ (பைபோலார் என்ற மனநோய்) உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் இதில் இறங்கவே கூடாது.

20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போக வேண்டுமாம். எங்களுக்கு இருப்பதே ஒரு அறை. அதைச் சொன்னதும் சைக்காலஜிஸ்ட் அம்மா, "அப்போ பாயைச் சுருட்டி வச்சிட்டு நாற்காலியில உட்காருங்க. கண்ணு சொக்குனா மட்டும் விரிங்க" என்றார். எனக்குப் பலித்தது அதுதான். படுத்திருக்கும் நேரத்தில் 85 சதவீதம் தூக்கமான பிறகு, படுக்கும் நேரத்தைக் கால் கால் மணி நேரமாகக் கூட்டினார்கள். டாக்டர் மாத்திரையை முதலில் பாதியாக்கினார், பின்பு நிறுத்தினார். இப்போது மாத்திரை இல்லாமல் தூங்குகிறேன்.

ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாதவர்கள் முதலில் 14416க்குப் போன் செய்யுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.