அப்பர்ச்சரைத் திறக்கும் முன் ஆளைச் சுவரை விட்டு நகர்த்துங்கள்

50 எம்எம் 1.8 லென்ஸ் வாங்கியவர்களில் பலர் அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, 1.8-லிருந்து நகர்த்துவதே இல்லை. பின்னணி மங்க வேண்டுமென்றால் அப்பர்ச்சரை முழுசாகத் திற என்றுதான் எங்கும் சொல்லித் தருகிறார்கள். அது பாதிதான் சரி.

குவியத் தூரத்தை (லென்ஸின் 50 எம்எம்) எஃப் எண்ணால் (1.8, 2.8 என்று வருவது; எண் சிறிதானால் துளை பெரிது) வகுத்தால் லென்ஸ் துளையின் விட்டம் வந்துவிடும். 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் 28 மி.மீ. வெகு தூரத்தில் எரியும் ஒரு சீரியல் பல்பு, படத்தில் முகத்தின் அளவோடு பார்த்தால் அதே 28 மி.மீ. வட்டமாக விரியும்; கன்னத்தில் பத்து ரூபாய் நாணயத்தை வைத்த அளவு. பின்னணி கிட்டே வர வர வட்டம் சுருங்கும். ஆளிலிருந்து பின்னணிக்கு உள்ள தூரத்தை, கேமராவிலிருந்து பின்னணிக்கு உள்ள தூரத்தால் வகுத்து, துளை விட்டத்தோடு பெருக்கினால் வட்டத்தின் அளவு கிடைக்கும்.

ஆள் கேமராவிலிருந்து 5 அடியில், சுவர் அவருக்கு 3 அடி பின்னால். 1.8-ல் வட்டம் சுமார் 10 மி.மீ.தான். அவரையும் கேமராவையும் சேர்த்து முன்னால் கொண்டுவந்து சுவரை 12 அடி பின்னால் விடுங்கள்; 2.8-லேயே 12 மி.மீ.க்கு மேல் வரும். ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் முன்னும் பின்னுமாகத் தெளிவாக விழும் ஆழமும் சுமார் 6 செ.மீ.யிலிருந்து 10 செ.மீ. ஆகிவிடும். எனக்கு இது பேரம் பேசாமல் வாங்கக்கூடிய லாபம்.

கையில் 55-250 ஜூம் இருந்தால் இன்னும் நல்லது. 250-ல் 5.6 என்றால் துளை 45 மி.மீ., அந்த 50-ஐவிடப் பெரிது. அதே அளவு முகத்துக்கு 25 அடி தள்ளி நிற்க வேண்டும். தெளிவு ஆழம் 20 செ.மீ. வரை கிடைக்கும், இரண்டு கண்ணும் காதும் அடங்கிவிடும். ஆனால் பின்னால் ஆழமான இடம் வேண்டும். 3 அடியில் சுவர் இருந்தால் வட்டம் 5 மி.மீ.யைத் தாண்டாது. கல்யாண மண்டபத்தின் நீளவாக்கில் எடுங்கள், குறுக்குவாக்கில் வேண்டாம்.

சொதப்புவது பெரும்பாலும் ஃபோகஸில்தான். 50 எம்எம், 1.8, ஒரு மீட்டர் தூரம், ஏபிஎஸ்-சி: மொத்தத் தெளிவே 3 செ.மீ.க்கும் குறைவு. மூக்குத்தி கூர்மையாகவும் கண் மசமசவென்றும் வருவது இதனால்தான். கேமராவின் போக்கில் விட்டால் முன்னால் துருத்தி மினுங்கும் மூக்குத்தியைத்தான் அது பிடித்துக்கொள்ளும். ஒற்றை ஃபோகஸ் புள்ளியைக் கேமரா பக்கமுள்ள கண்ணின் இமை மேல் வையுங்கள். கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் ஐ ஏஎஃப் இருந்தால் அதைப் போடுங்கள். நடுப்புள்ளியில் பிடித்துவிட்டு ஃபிரேமைத் திருப்புவது இங்கே ஆகாது. 10 டிகிரி திருப்பினாலே ஃபோகஸ் தளம் ஒன்றரை செ.மீ. பின்னால் போய்விடும், முன்பக்கம் இருக்கும் இடமோ அதற்கும் குறைவு. நிற்பவர் மூச்சு விடும்போது முன்னும் பின்னும் ஆடுவார், ஆகவே ஆள் அசைய அசையப் பின்தொடரும் தொடர் ஃபோகஸில் நாலைந்து ஷாட் தட்டிவிடுங்கள். டிஎஸ்எல்ஆரில் வ்யூஃபைண்டர் வழி எடுத்த எல்லாப் படமும் ஒரே பக்கம் (முன்னாலோ பின்னாலோ) ஃபோகஸ் தவறி, லைவ் வ்யூவில் சரியாக வந்தால் தவறு உங்கள் கையில் இல்லை. ஃபோகஸைச் சற்று முன்பின் திருத்தும் ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் பார்க்க வேண்டும். ஜோடியாக நின்றால் இரண்டு முகமும் ஒரே தளத்தில் வரும்படி நிறுத்தி, அப்பர்ச்சரில் 4-க்குப் போங்கள்.

உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1.8 என்றால் ஷட்டர் 1/8000 கேட்கும். பல கேமராக்கள் 1/4000-லேயே நின்றுவிடும், படம் வெளுத்துப்போகும். ஒளியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி8 ஃபில்டர் போட்டால் 1/1000-க்கு இறங்கும். நிழலுக்குள் அழைத்துப் போவது அதைவிடச் சுலபம், முகத்துக்கும் நல்லது.

எவ்வளவு மங்கினாலும் சில பின்னணிகள் அடங்காது. வேப்பிலை இடுக்கில் வெயில் சல்லடையாக விழும் மரம் அப்படி: ஒவ்வொரு ஓட்டையும் விளிம்பு கட்டிய வட்டமாகிக் கண்ணைப் பறிக்கும். ஒரு எட்டு நகர்ந்து நிழல் விழுந்த பக்கத்தைப் பின்னணியாக்குங்கள்.

1.8-ல் படத்தின் ஓரத்து வட்டங்கள் பூனைக்கண்ணாக நசுங்கும், அது லென்ஸ் குழலின் விளிம்பு மறைப்பதால். 2.8-ல் ஓரளவு சரியாகும், ஆனால் அங்கே துளையைச் சுருக்கும் அப்பர்ச்சர் இதழ்களின் வடிவம் தெரியத் தொடங்கும். கேனானின் பழைய 50 எம்எம் 1.8 II-ல் ஐந்து இதழ்கள், பல்பெல்லாம் ஐங்கோணம். 2015-ல் வந்த எஸ்டிஎம் பதிப்பில் வளைந்த ஏழு இதழ்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் எந்தப் பதிப்பு என்று கேட்டு வாங்குங்கள்.